அப்பா வெட்டி எடுத்து வைத்த பேனர்

அன்பு மகள் அர்னிசாவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை, எழுதிவிட்டேன், அதில் பாதி பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, கடைக்கும் ஒன்றுமில்லை, உன் அப்பாவின் முட்டி எப்போதும்போல மழைக்கு முந்தின நாளே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான், நீ பேசாமல் இருப்பது. நான் அனுப்பும் செய்திக்குக் கீழே நீ பார்த்துவிட்டாய் என்பதற்கு அடையாளமாக உன் குட்டி முகம் வந்து நிற்குமே, முதலில் சில நாள் அது மட்டுமாவது வந்தது, இப்போது அதுவும் வருவதில்லை. அந்த முகம் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கடையில் சோறு அடிப்பிடித்துவிட்டது, மறுநாளும் பிடித்தது, சாப்பிட வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள். நல்ல நாளாக இருந்தால் கரிந்த சோற்றுக்கு ஒருத்தியாவது என்னைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி கிழித்திருப்பாள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்துத்தான் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

போனில் முடியவில்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். நம் மாதா கோயில் பெருநாளுக்கு ஊருக்கு வந்த நிம்ஃபா ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்துக்குத் திரும்புகிறாள், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நீ இருக்கும் ஊருக்கு ரயிலில் கொஞ்ச நேரப் பயணம்தானாம். கடிதத்தைத் தபாலில் போடவா என்று கேட்டேன், அவள் கோபித்துக்கொண்டாள். "மனாங், அவ கையிலதான் குடுப்பேன், கதவைத் திறக்கலேன்னா வாசப்படியிலயே உக்காந்திருப்பேன், அந்த ஊர்க் குளிர்ல நான் வெறச்சுப் போறதப் பாத்து வெக்கப்பட்டாவது திறப்பா" என்றாள். நம் ஊர்ப் பெண்களில் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி இருப்பவள் அவள்தான், என்னை மனாங் என்று கூப்பிடும்போது அக்கா முறை வாயிலிருந்து இல்லை, வயிற்றிலிருந்து வருகிறது. அவள் உன்னைப் பற்றி விசாரித்துச் சொன்ன சேதி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே, அதை இப்போதே எழுதினால் என் கை ஓடாது, கீழே வருகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்கிறார், அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நீ போட்டோவைத்தான் பார்த்தாய், இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. பெருநாளுக்கு முந்தின வாரம் நம் கப்பித்தான் டொமெங் கடைக்கு நூடுல்ஸ் சூப் குடிக்க வந்தார். ஊர்த் தலைவர் நாற்காலியில் இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்று ஆசை, தேர்தல் வருகிறது, அதனால் இப்போதெல்லாம் அவருக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைமேலும் பாசம். எதிர்த்து நிற்கிறவர் கடற்படையில் சேர்ந்த ஒரு பையனுக்கு வாழ்த்துப் பேனர் வைத்துவிட்டார், அதில் பையன் முகம் தேங்காய் அளவு, வைத்தவர் முகம் பலாப்பழம் அளவு. இதைப் பார்த்ததிலிருந்து கப்பித்தானுக்கு உறக்கமில்லை. "மனாங், நம்ம அர்னிசா எங்க வரைக்கும் வந்திருக்கா" என்று கேட்டார். இங்கிலீஷ் பரீட்சை எழுதியிருக்கிறாள், பெருநாள் அன்றைக்கு ரிசல்ட், தேறிவிட்டால் அங்கே முழு நர்ஸ் என்று சொன்னேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், வரப்போகிற நல்லதைப் பற்றிப் பேசும்போது வராமலும் போகலாம் என்று யாராவது வாயைத் திறப்போமா, அபசகுனம் இல்லையா. "ஆண்டவன் புண்ணியத்துல பாஸ்தான்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டேன். அவர் அந்தப் பாஸை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெருநாள் காலையில் சப்பரம் வருவதற்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரம் மூங்கில் நட்டுக் கட்டியாகிவிட்டது. உன் நர்ஸ் தொப்பிப் படம் ஒரு பக்கம், கப்பித்தான் சிரிப்பு ஒரு பக்கம், நடுவில் ஆங்கிலம். பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மறைக்கவில்லை, நீ தேறிவிட்டாய், கப்பித்தானுக்கு அலுவலகத்திலிருந்து முதலில் சொல்லிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதேன். அந்த நேரத்தில் அங்கே உனக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும். நீ தூங்கி எழுந்து, இல்லை தூங்காமலே, ரிசல்ட்டைத் திறந்து, கேட்பதிலும் படிப்பதிலும் பேசுவதிலும் தேறி எழுதுவதில் மட்டும் மயிரிழையில் போய்விட்டது என்று பார்த்திருக்கிறாய். அதை எப்படி எங்களிடம் சொல்வது என்று போனை எடுத்தால் உள்ளே ஊரே வாழ்த்திக்கொண்டு நிற்கிறது. சித்தி பெண்கள் வாழ்த்து, உன்னோடு படித்தவர்கள் வாழ்த்து, பங்குச் சாமியார் வாழ்த்து. மகளே, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். உன் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லையே.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மணிலாவிலிருந்து காரில் போன எவனோ பேனரைப் படம் பிடித்துப் போட்டுவிட்டான். வாழ்த்துச் சொல்லிலேயே எழுத்து ஒன்று குறைவாம், உன் பெயருக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரபி என்று வேண்டாத ஒரு கொக்கி தொங்குகிறதாம், அவளுடைய சாதனை என்று வர வேண்டிய இடத்தில் அவனுடைய என்று இருக்கிறதாம். அடித்த கடைக்காரன் பெருநாள் அவசரத்தில் அடித்தது, எழுதிக் கொடுத்தது கப்பித்தானின் மச்சான். இது படம் பார்த்தவர்களுக்குத் தெரியுமா. "இங்கிலீஷ் பரீட்சைல பாஸான பொண்ணோட இங்கிலீஷப் பாருங்கடா" என்று ஒருத்தன். "இவ ஊசி போடறது கைக்கா சுவத்துக்கான்னு கேட்டுக்கிட்டுப் போங்க" என்று இன்னொருத்தன். எனக்குப் பொறுக்கவில்லை, இதை எழுதியது என் மகள் இல்லையடா பாவிகளா என்று நானும் ஆங்கிலத்திலேயே பதில் போட்டேன். போட்ட சூட்டோடு என் வரியை ஒருத்தி திருத்தி, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வேறு வைத்துத் திருப்பி அனுப்பினாள், அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்துவிட்டன. நான் அவளுக்கும் பதில் போட்டேன், அதையும் திருத்தினாள். கடைசியில் உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். "அவங்களுக்கு இது விளையாட்டு லியோ, நீ ரத்தம் கொதிக்கக் கொதிக்க அவங்களுக்கு ருசி ஏறுது" என்றார். அதையெல்லாம் நீயும் படித்திருப்பாய். உன் பெயரைப் போட்டு எழுதினது ஒவ்வொன்றையும் படித்திருப்பாய், சின்ன வயதிலேயே உன்னைப் பற்றி யார் என்ன பேசினாலும் கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போய் அழுவாய்.

நீ தேறவில்லை என்பது எங்களுக்கு நிம்ஃபா அங்கே விசாரித்துச் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே கப்பித்தான் வீட்டுக்குப் போனேன், பேனரை இறக்குங்கள் என்றேன். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா, "அவ பாஸாகலேன்னு ஊருக்குத் தெரியாதே மனாங், எலெக்‌ஷன் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும், இப்ப எறக்கினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். "நீங்க பொய் சொல்றதுக்கு என் பொண்ணு முகம் எதுக்கு, உங்க முகமே போதுமே" என்றேன். அவருக்கு உறைக்கவே இல்லை. "எழுத்துப் பிழைதானே உங்களுக்கு வருத்தம், திருத்தி வேற அடிக்கச் சொல்லிட்டேன், இந்தத் தடவை காலேஜ் வாத்தியார்கிட்ட காட்டித்தான் அடிக்கிறோம்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். மகளே, எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவிகூட, ஆமாம் மனாங், கொக்கியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று காப்பி ஊற்றினாள். நான் அந்தக் காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன், நம் ஊரில் ஒரு வீட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்து வருவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார், சவாரிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி, தேங்காய் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்திருக்கிறார். சந்தைக்குப் போகிற கூட்டம் நின்றுவிட்டது, கப்பித்தானின் ஆள் ஒருவன் ஓடிவந்து, "மனோங், இது ஊர்ச் சொத்து" என்று அண்ணன் முறை வைத்தே கத்தியிருக்கிறான். உன் அப்பா கூட்டத்துக்கு முன்னால் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "என் பொண்ணு பாஸ் பண்ணலே. பண்ணாதவள பாஸுன்னு எழுதினதுதான் இதுல இருக்கிற தப்பு, மத்த தப்பெல்லாம் சின்னது" என்று சொல்லிவிட்டு, பேனரைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மீன்காரி ஒருத்தி கை தட்டினாளாம். எனக்கு இதைச் சொன்னதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் அதை விரித்தார், நான் மீன் வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்டார், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன். முதலில் கப்பித்தானை வெட்டினார், அது பன்றிக் கொட்டகைக் கூரைக்கு ஆயிற்று, சிரிப்பு உள்பக்கமாக இருக்கிறது, நம் பெரிய பன்றி அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பயப்படுகிறது. பிறகு ஆங்கிலத்தை வெட்டினார், வாழ்த்து, உன் பெயர், கொக்கி, ஒரு எழுத்து மிச்சமில்லாமல் வெட்டி அடுப்படியில் போட்டார். கடைசியில் உன் முகம் மட்டும் இருந்தது. அந்த வாரம் புயல் மழையில் நம் சமையல்கட்டுத் தகரம் ஒன்று பறந்து போய் அரிசியெல்லாம் நனைகிறது, அந்தத் துண்டையாவது மேலே போடுங்கள் என்று நான் கத்துகிறேன், அவர் அசையவில்லை. "என் பொண்ணு மூஞ்சில மழை பெய்யவா" என்று கேட்டுவிட்டு, தன் மழைச்சட்டையைக் கழற்றிக் கூரையில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே நின்றார். உன் முகம் இப்போது அலமாரியில், பெருநாள் மேசைத்துணிக்கு நடுவில் மடிப்பில்லாமல் சுருட்டி இருக்கிறது. இதை எழுதும்போது வாசித்துக் காட்டினேன், எதற்கு இதெல்லாம் என்று எழுந்து வெளியே போய்விட்டார், இப்போது வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த எழுத்துப் பரீட்சையைப் பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதானே. போன தடவை நீ வீடியோவில் சொல்லிச் சிரித்தாயே, கடிதத்தின் முதல் வரியில் அந்த டாக்டரிடம் நலமா என்று கேட்டதற்கு உன் டியூஷன்காரர் சிவப்புக் கோடு போட்டார் என்று. நலம் கேட்காமல் எடுத்த எடுப்பில் மூட்டு வலி, மலச்சிக்கல் என்று எழுதுவதற்குப் பெயர் கடிதமா, ஆள் வளர்ந்த லட்சணம் அதில் எங்கே இருக்கிறது. அப்புறம் அந்த அவன் அவள் சண்டை. நம் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சியா என்று ஒரே சொல், ஆளைப் பார்த்தால் தெரியப் போகிறது, அதற்கு எதற்கு இரண்டு. நீ பயிற்சிக்காக உன் அப்பாவின் முட்டியைப் பற்றி எழுதிக் காட்டினாய், அதில் முதல் பத்தியில் அவர் ஆண், இரண்டாவதில் பெண், கடைசியில் மறுபடியும் ஆணாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதை நான் கடையில் சொல்லப்போய், வண்டி ஸ்டாண்டில் அவரை ஒரு வாரம் மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள், அவரும் வலக்கையால் முட்டியைத் தடவிக்கொண்டே வணக்கம் வைத்தார். பன்மைக்கு அந்தக் கொக்கி கூடாது என்கிறாய், நம் சந்தையில் முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் கொக்கி போட்டுத்தான் பலகை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து முட்டை வாங்காமல் திரும்பினவர் யார். இரண்டு முழு வாக்கியத்தை ஒரு கமா தாங்காது, நடுவில் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் உனக்குக் கடைசிவரை கைக்கு வராமல் போனது. எப்படி வரும், நம் வீட்டில் மூச்சு முட்டினால்தான் பேச்சு நிற்கிறது, இந்தக் கடிதத்தையே பார். இதெல்லாம் தப்புதான், அவர்கள் மொழி, அவர்கள் சட்டம், நான் இல்லை என்று சொல்லவில்லை. மருந்து விஷயத்தில் அவன் அவள் மாறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நீயே சொன்னாய், அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் தப்பு இருக்க வேண்டிய இடம் காகிதம். அதை நீ உன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது அந்தச் சேதிக்கு வருகிறேன். நீ போனை எடுக்காததால் நிம்ஃபா யார் யாரையோ பிடித்து, உன்னோடு அதே வீட்டில் இருக்கும் கேரளப் பெண் ஜிஷாவிடம் பேசியிருக்கிறாள். அவள் அழுதுவிட்டாளாம். "வேலைக்குப் போறா, வர்றா, கதவைச் சாத்திக்கிறா, கிச்சன் பக்கமே வர்றதில்ல சேச்சி, தட்டினா தூங்கறேன்னு மட்டும் சொல்றா" என்று சொல்லியிருக்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உன் சோறு வடிக்கும் குக்கரை அவளுக்குக் கொடுத்துவிட்டாயாம். நாங்கள் இங்கிருந்து எடுத்து அனுப்பிய தடிமனான கோட்டை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாயாம், எனக்கு இனி வேண்டாம் என்றாயாம். அங்கே குளிர் இப்போதுதான் தொடங்குகிறது என்று நிம்ஃபா சொல்கிறாள். குளிர் தொடங்கும்போது யாராவது கோட்டைக் கொடுப்பார்களா, அரிசி தின்கிற பெண் குக்கரைக் கொடுப்பாளா. ஊருக்குத் திரும்பத்தான் மூட்டை கட்டுகிறாள் என்று உன் அப்பா சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்புகிறவள் அம்மாவிடம் சொல்ல மாட்டாளா, எந்த நாள் வருகிறாய், மீன் வாங்கி வைக்கவா என்று நான் கேட்க மாட்டேனா. எனக்கு என்ன பயம் என்று எழுத மாட்டேன், எழுதினால் அது இந்தக் காகிதத்தில் உட்கார்ந்துவிடும். நீ நர்ஸ், உனக்குப் புரியும். மகளே, என் தங்கமே, அப்படி ஒன்று உன் மனதில் இருந்தால் இந்த நிமிஷமே கதவைத் திற. வெளியே நிம்ஃபா இருக்கிறாள். அவள் தோளில் விழுந்து அழு, கத்து, அவளை அடிக்கக்கூடச் செய், அவள் தாங்குவாள்.

வெட்கத்துக்காக நீ ஒளிய வேண்டாம். நெடுஞ்சாலையில் இப்போது வெறும் மூங்கில்தான் நிற்கிறது, அடுத்த வாரம் அதில் வேறு யார் மூஞ்சியோ தொங்கும், சிரித்தவர்கள் அதற்குச் சிரிப்பார்கள். வருடக் கடைசிக்குள் தேறாவிட்டால் அங்கே நர்ஸ் வேலையும் இல்லை, இருக்க அனுமதியும் இல்லை என்று உன்னை வேலைக்கு வைத்தவர்கள் சொல்லிவிட்டார்கள், தெரியும். இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு தடவை எழுத உனக்குத் தெம்பு இருக்கிறதா, எழுது, உன் அப்பா இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பெண்ணாகத் தயார். தெம்பு இல்லையா, வந்துவிடு, நிம்ஃபாவிடம் சொல், கூட்டிக்கொண்டு வந்து விமானம் ஏற்றிவிடுவாள். நீ இங்கே வந்து என்ன செய்வாய் என்று யோசிக்காதே, முதலில் தூங்குவாய், பிறகு துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டு நான் குழம்பு வைப்பேன், அதைத் தின்றுவிட்டு மறுபடி தூங்குவாய், அதற்கு மேல் உள்ளதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். உன் அறையில் ஒன்றையும் மாற்றவில்லை, ஜன்னலோரம் பூனை மட்டும் குட்டி போட்டிருக்கிறது, நீ வந்தால் அதைக் காலி பண்ணச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள், கொடுத்ததைக் கேட்பது கேவலம் என்று நினைக்காதே, அம்மா சொன்னாள் என்று சொல். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் தேடாதே, அந்த அரிசிப் பானை வைத்தியம் நல்ல வைத்தியம், நீயும் செய்து பார். நிம்ஃபா கையில் உலர்ந்த மீனும் கொக்கோ வில்லையும் தென்னங்குருத்தில் சுற்றி அவித்த ஒட்டரிசிப் பலகாரமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், மீனை வறுத்தால் அந்த வீடு முழுக்க நாறும், ஜிஷா கோபிக்க மாட்டாள், கேரளத்துக்காரி. நம் ஊர் மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பாட்டன் முப்பாட்டன் வேண்டுதல் எல்லாம் உனக்கே பலிக்கட்டும், நான் எனக்கென்று கேட்டு வைத்திருந்ததையும் உன் பேருக்கு மாற்றிவிட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. எங்களுக்குப் பதில் எழுத வேண்டும், என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது என்று நீ மலைத்து உட்கார்ந்துவிடுவாய், எனக்குத் தெரியும். எதுவும் எழுத வேண்டாம். போனை எடுத்து எனக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, ஒரு சொல்லும் வேண்டாம், அந்தப் புள்ளியைப் பார்த்து நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன் என்று எழுதி, உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டிப் பேனாவைப் பிடித்துவிட்டார். "புள்ளி வேணாம் லியோ, புள்ளி வெச்சா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதத்தானே அந்த வாத்தியார் அவளுக்குச் சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. என் இந்தாய்க்கு, என் செல்லப் பொண்ணுக்கு, கமாதானே நல்லா வரும், மார்க்கக் குறைச்சா குறைச்சிட்டுப் போறாங்க, கமாவ அனுப்பச் சொல்லு, இன்னும் இருக்குன்னு நாங்க தெரிஞ்சுக்கறோம்" என்றார். உன் அப்பா இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். போன் அரிசிப் பானையில் இல்லை, என் மடியில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்,

உன் அம்மா லியோனிசா,
உன் அப்பா அர்செனியோ,